பழைய கதவும் புதிய பூட்டும்



திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், அகத்தியமலைத் தொடரின் மேற்குச் சாரலில், நெய்யாற்று அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி அம்பூரி என்னும் மலையடி ஊர் இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களின் ஊடே ஏறியும் இறங்கியும் செல்லும் சாலை; அதன் இருமருங்கும் ஓட்டு வீடுகளும், அவற்றினிடையே அண்மையில் எழுந்த மாடி வீடுகளும். எல்லையைக் கடந்தால் ஆறுகாணி, பத்துகாணி. அவை தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. வெள்ளறடைக்கும் பனச்சமூட்டுக்கும் சந்தைக்குப் போகிறவர்கள் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வெல்லை பழைமையானதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து, சென்னை மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரியிருந்தது. ஆயினும் அது கேரளத்திலேயே நின்றது. நெய்யாற்றின்கரை வட்டத்திலிருந்த அம்பூரி, 2014இல் அமைந்த காட்டாக்கடை வட்டத்தில் இப்போது இருக்கிறது. கோடு எங்கே விழுந்தாலும், இப்பக்கத்துத் தச்சரும் அப்பக்கத்துத் தச்சரும் ஒரே மரத்தை ஒரே முறையில் இழைத்தவர்கள். ஆதலின் இன்று நாம் பேசப்போகும் பொருள் பாறசாலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் பொதுவானது. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழ்ந்துகொண்டு, ஊரிலுள்ள பெற்றோர் வீட்டைப் புதுப்பிக்க எண்ணும் தமிழர் அனைவருக்கும் அது பொருந்தும்.

வீட்டைப் புதுப்பிப்பது என்றால் நம்மவர் முதலில் கை வைப்பது எங்கே? கூரையில் அன்று; சுவரில் அன்று; கதவில். கூரை ஒழுகினால்தான் தெரியும். கதவோ நாள்தோறும் கண்ணிற் படுகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கு விடுமுறை விடும் ஏப்பிரல், மே மாதங்களில் ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வருகிறோம். ஒப்பந்தக்காரர் ஒருவர் வருகிறார். வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "கதவெல்லாம் பழசு, மொத்தமாக எடுத்துவிடலாம்" என்கிறார். விடுப்பு முடிவதற்குள் வேலை முடிய வேண்டுமே என்னும் அவசரத்தில் நாமும் தலையசைத்து விடுகிறோம். மூன்றாம் நாள் ஒரு சிற்றுந்து வந்து பழைய கதவுகளை ஏற்றிக்கொண்டு போகிறது. அவற்றுக்கு என்ன விலை கிடைத்தது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லத் தயங்குவர்.

போனது எது என்பதை அறிய, இவ்வட்டாரத்து வீட்டைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். தென் திருவிதாங்கூரின் பழைய வீடு பெரும்பாலும் மரத்தால் ஆனது. நெல் சேமிக்கும் அறையை நடுவில் வைத்துக் கட்டிய வீட்டை அறப்புரை என்பர். சுவருக்குப் பதிலாகப் பலகைகளை நிரல்படச் செருகி நிறுத்துவது நிரை. நெல்லைக் கொட்டி வைக்கும் பெருமரப் பெட்டி பத்தாயம். இவற்றுக்கெல்லாம் அயினியும் பலாவும் தேக்கும் பயன்பட்டன. அயினியை மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பர். பலாவின் இனத்தைச் சேர்ந்த மரம். அதன் வைரம் ஈரத்துக்கும் கறையானுக்கும் நன்றாக ஈடு கொடுப்பது. இத்தகைய மரவேலையின் உச்சத்தைக் காண விரும்புவோர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தாற் போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த இடம் அது. 1956க்குப் பிறகு நிலம் தமிழ்நாட்டினது; அரண்மனையைப் பேணி வருவதோ கேரளத் தொல்லியல் துறை. அதன் பூமுகத்து விதானத்தில் 90 மலர்களை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். விதானத்தைப் பார்க்கும் கூட்டத்தார் அதன் கதவுகளையும், காற்றை விட்டு வெயிலை மறிக்கும் அழிச் சட்டங்களையும் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார்கள். நம் பேச்சுக்கு வேண்டியவை அவைதாம்.

பழைய இரட்டைக் கதவை அருகே சென்று கவனியுங்கள். நான்கு புறமும் கனத்த சட்டம். ஒரு சட்டத்தின் முனை மற்றொன்றின் துளையில் நுழைந்து மர முளையால் இறுகியிருக்கும். நடுவிலுள்ள பலகை மட்டும் சட்டத்தின் பள்ளத்தில் தளர்வாக அமர்ந்திருக்கும். ஆணியோ பசையோ அதைப் பிடித்திராது. இது தச்சரின் சோம்பல் அன்று. மரப்பலகை ஈரத்தை உண்டால் அகலவாக்கிற் பருக்கும், காய்ந்தாற் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. இடவப்பாதி மழையையும் துலா மழையையும் முழுவதும் வாங்கும் மலையடியில், பலகைக்கு அசைய இடம் கொடாவிட்டால் சட்டம் பிளக்கும் அல்லது பலகை வெடிக்கும். அந்தத் தளர்வான பள்ளம் பல தலைமுறைகளாக மழையோடு பழகிக் கற்ற பாடம். பழுது பார்க்கிறோம் என்று வரும் புதுத் தச்சர் ஒருவர், பலகை ஆடுகிறதே என்று நான்கு மூலையிலும் ஆணி அடித்துவிட்டால், அடுத்த மழைக்குள் அப்பலகை வெடிப்பதைக் காணலாம்.

இரண்டு கதவும் சேருமிடத்தில், இடைவெளியை மறைத்து நிற்கும் செங்குத்தான பட்டைக்குச் சூத்திரப்பட்டிகை என்று பெயர். மொட்டு மொட்டாகச் செதுக்கிய அழகுக்காகவே இதனை மட்டும் தனியே கழற்றி விற்பாரும் உளர். கதவின் உட்புறத்திலோ பூட்டும் தாழும் சேர்ந்த ஒரு பித்தளை, இரும்புக் கோவை இருக்கும். மணிச்சித்திரத்தாழ் என்பது இதன் பெயர். 1993இல் வந்த மலையாளத் திரைப்படம் இப்பெயரைத் தாங்கியது. அதன் சில காட்சிகள் பத்மநாபபுரத்திலேயே எடுக்கப்பட்டன. 2005இல் வந்த சந்திரமுகி வாயிலாகக் கதை தமிழர்க்கும் தெரிந்ததே. பூட்டு மட்டும் கதையோடு வரவில்லை.

இன்னும் பழைய கதவுகளுக்குக் கீல் என்பதே கிடையாது. கதவின் ஓரச் சட்டத்தில் மேலும் கீழும் குடுமி விட்டு, அதனை நிலையிலுள்ள குழியிற் பொருத்திவிடுவர். கோயிற் பெருங்கதவுகளை இன்றும் இவ்வாறு சுழலக் காணலாம். இங்கிலாந்திற் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இதே முறையை மிக எளிய வீடுகளுக்குச் சாளரமாக்கிக் காட்டினார். ஒரு பலகை, மேலும் கீழும் ஒவ்வொரு முளை, அம்முளைகளுக்குச் சுவரில் இரண்டு குழி. நிலையும் இல்லை, கீலும் இல்லை, செலவும் இல்லை. இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளையும் ஓடுகளையும் வாங்கிப் புதிய வீடுகளில் வைப்பதும் அவர் வழக்கம். அவர் கட்டிய வீடுகளைப் பார்த்த பிறகு, பழைய மரம் என்றால் வறுமை என்று சொல்லுவதற்கு நா எழாது.

இங்கே ஒரு சிறு விலகல். நாம் நாள்தோறும் சொல்லும் சாவி, ஜன்னல், அலமாரி ஆகிய மூன்று சொற்களும் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை. கீல் நம்முடையது, ஆனால் அதே பொருளுக்கு மலையாளத்தார் சொல்லும் விஜாகிரி, மீண்டும் போர்த்துகீசியச் சொல்லே. சொற்கள் கடல் வழி வந்தன. கதவு அதற்கும் மூத்தது. நெடுநல்வாடையில் வரும் அரண்மனை வாயிற்கதவு இரும்பாற் பிணித்து, செவ்வரக்குப் பூசப்பெற்றது. தச்சர்கள் சாராயத்திற் கரைத்துத் துணிப் பொட்டணத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெருகு இருக்கிறதே, அதுவும் அரக்குத்தான். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பொருள் இன்றும் கடையிற் கிடைக்கிறது. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறோம்: அரக்கு மெருகு நீருக்கும் சூட்டுக்கும் தாங்காது. உள்ளறைக் கதவுக்கும் அலமாரிக்கும் அது தக்கது. சாரல் படும் வெளிக்கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் அல்லது வெளிப்புறத்துக்கென்றே செய்த வார்னிசு பூச வேண்டும். முந்திரிக் கொட்டையின் ஓட்டெண்ணெயைக் கூரை மரத்துக்குப் பூசுவது இப்பக்கத்துப் பழைய வழக்கம், நன்றாகக் காக்கும், ஆனால் தோலிற் பட்டாற் புண்ணாகும். கையுறை இன்றி அதனைத் தொடலாகாது.

நிற்க. எந்தக் கதவை வைத்துக்கொள்வது, எதனை மாற்றுவது என்னும் கேள்விக்கு வருவோம். பழையது என்பதற்காகவே ஒன்றைக் காப்பது நம் கருத்தன்று. பழைய கதவுகளிலும் கெட்டவை உண்டு. மாமரத்திலும் முருக்கிலும் செய்தவை உண்டு; நல்ல மரத்திலேயே வைரத்தை விட்டு வெள்ளைப் பகுதியைச் சேர்த்தவையும் உண்டு. வெள்ளைப் பகுதி எந்த மரமானாலும் பூச்சிக்கு இரைதான். கூரிய திருப்புளி ஒன்றை எடுத்து, நிலைக்காலின் அடிப்பகுதியிலும் சட்டங்களின் இணைப்பிலும் அழுத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால் அம்மரம் உளுத்தது. இறங்காமல் தடுத்தால், மேலே வண்ணம் எவ்வளவு உரிந்திருந்தாலும் உள்ளே மரம் உயிரோடிருக்கிறது. நிலைக்காலின் அடி ஒரு முழம் மட்டும் உளுத்திருந்தால், அந்த அளவை அறுத்தெடுத்துப் புதுத்துண்டு இணைக்கத் தெரிந்த தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். கைபேசியிற் கிடைக்க மாட்டார்கள். ஊரில் ஒருவரைக் கேட்டுத்தான் தேட வேண்டும்.

விலையைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லுவோம். ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள கதவில் இரண்டேகால் கன அடி மரம் இருக்கிறது. நான்கு அங்குலத்துக்கு மூன்று அங்குலமாக அறுத்த நிலைக்கு, சுற்றளவு இருபது அடி என்றால், ஒன்றரை கன அடிக்குச் சற்று மேல். ஆக ஒரு வாயிலில் ஏறக்குறைய நான்கு கன அடி முற்றிய மரம் நிற்கிறது. பழைய கதவு வாங்க வருபவர் ஒரு தொகை சொல்லும்போது, அறுப்பாலையில் இன்று நான்கு கன அடி அயினியின் விலை என்ன என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதன்மேல் தச்சுக் கூலி. அதன்மேல், பல்லாண்டு காய்ந்த மரம் இனித் திருகாது என்னும் உறுதி. அதற்கு விலை போட முடியாது. பிறகு பேரம் பேசுங்கள். அல்லது பேசாமலே இருங்கள்.

காரைக்குடியில் நடந்தது நமக்கு எச்சரிக்கை. நகரத்தார் வீடுகளுக்குப் பர்மாத் தேக்கைக் கப்பலிற் கொணர்ந்து கதவு செய்தார்கள். பங்காளிகள் பெருகினர், வீட்டைப் பிரிக்க முடியாமல் இடித்துப் பங்கிட்டனர். அக்கதவுகளும் தூண்களும் முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து விடுதிகளுக்கும் மாளிகைகளுக்கும் சென்றன. கொச்சி மட்டாஞ்சேரியிலும் இத்தகைய வாணிகம் உண்டு. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014இல் யுனெசுகோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. போன கதவுகள் அதனால் திரும்பவில்லை. கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் வாங்கியிராவிட்டால் பல கதவுகள் அடுப்பிற் போயிருக்கும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்திராவில், கேரளத்து மர வீடுகளையும் செட்டிநாட்டு வீட்டையும் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டைக் குழந்தைகளுக்குக் காட்ட விரும்புவோர் அங்கே செல்லலாம். ஆனால் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

இனிக் கைவேலைக்கு வருவோம். மழைக்காலத்தில் கதவு இறுகிச் சிக்கினால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். ஆடியில் இழைத்த கதவு பங்குனியில் காற்று புகும்படி நிற்கும். மழை ஓய்ந்து ஒரு மாதம் கழித்தும் சிக்கினால் மட்டும் இழைக்கலாம். இதற்கு மறுதலையாக, கோடையில் வந்து புதுக்கதவு போடுவோர் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விடச் சொல்ல வேண்டும். வடபுலத்து வறண்ட நகரங்களில் செய்த கதவை இங்கே கொண்டுவந்து மாட்டுவோர் இதனை மறந்து மிகவும் வருந்துவர்.

பழைய வண்ணத்தைச் சுரண்டுவதற்கு முன் ஒரு செய்தி. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் அடக்க வேண்டும் என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வண்ணத்தில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அத்தூள் காற்றிற் பறந்து குழந்தைகளின் உடலிற் சேரும். நீர் தோய்த்துத் தேயுங்கள். தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அந்த இரண்டு நாள் பேரக்குழந்தைகளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

கீல் ஆடுவது பெரும்பாலும் கீலின் குற்றமன்று. திருகாணி பிடித்திருந்த துளை பெருத்துவிட்டது. இதற்காகவே முழுக்கதவையும் தள்ளிவிட்டவர்கள் உண்டு. துளையை ஒரே அளவாகக் குடைந்து, கடின மரத்தில் முளை செய்து, பசையிட்டு அடித்து, காய்ந்தபின் அதிலே புதுத்துளை இட்டு முடுக்கினால், கீல் முன்போல் நிற்கும். கனத்த கதவுக்கு மூன்று கீல் வேண்டும்; மூன்றாவதை நடுவில் வைப்பதினும் மேற்கீலுக்குச் சற்றுக் கீழே வைத்தால் பாரம் நன்றாகத் தாங்கும். பித்தளைக் கீலுக்குப் பித்தளைத் திருகாணியே தகும். இரும்புத் திருகாணி ஈரத்தில் துருவேறிக் கறுத்து மரத்தையும் கறைப்படுத்தும். துருவேறா எஃகில் 304 என்றும் 316 என்றும் இரு வகை கடையிற் கேட்டு வாங்கலாம். அம்பூரி போன்ற உள்நாட்டு மலையடிக்கு 304 போதும். பூவாறு, கொல்லங்கோடு போன்ற கடற்கரை ஊர்களுக்கும், மும்பையில் கடலோரம் குடியிருப்போர்க்கும் 316 வாங்குவதே நெடுங்கால நன்மை.

பூட்டைப் பொறுத்தவரை, பழைய சட்டத்தைக் குடைந்து உள்ளே புதைக்கும் பூட்டை நாம் விரும்பவில்லை. சட்டத்தின் வலிமை அங்கேதான் இருக்கிறது. அதனைக் குடைந்தால், அழுத்தித் தள்ளுவோர்க்குக் கதவு அவ்விடத்திலேயே முறியும். உட்புறத்தில் மேலே பொருத்தும் பூட்டுக்கு அவ்விடர் இல்லை. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் செய்யும் மாங்காய்ப் பூட்டு இன்றும் கிடைக்கிறது. வடபுலத்தில் இருப்போர் அலிகார்ப் பூட்டை அறிவர். எதனை வாங்கினாலும், மறுசாவி செய்ய ஊரிலே ஆள் உண்டா என்று முதலில் கேளுங்கள். எண் அழுத்தித் திறக்கும் மின்பூட்டுகளை இப்போது பலர் விரும்பி வாங்கி அனுப்புகிறார்கள். மின்கலம் தீர்ந்த இரவில், தனியே இருக்கும் முதிய தாயார் என்ன செய்வார் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

உண்மையில் நம் பேச்சின் நடுப்புள்ளி இதுதான். ஊரிலுள்ள அவ்வீட்டில் இருப்பவர்கள் யார்? வாங்கி அனுப்புகிற நாம் அல்லோம். எழுபதும் எண்பதும் ஆன தாய் தந்தையர். வாயிற்கதவின் அழகைப் பற்றி ஒரு மாதம் பேசுகிறோம். குளியலறைக் கதவைப் பற்றி ஒரு நாளும் பேசுவதில்லை. இடர் நேர்வது அங்கேதான். குளியலறைக் கதவு உட்புறமாகத் திறப்பதாக இருந்து, உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால், அவர் உடலே கதவை அடைத்துக்கொள்ளும்; வெளியிலிருப்போர் தள்ளவும் முடியாது. அக்கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றி மாட்டுங்கள். பெரிய செலவில்லை; கீலை மாற்றி, நிலையின் படியை மறுபுறம் செதுக்க வேண்டும்; அவ்வளவே. உள்தாழ்ப்பாளுக்கு, வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய வகை கிடைக்கிறது. உருண்டைக் குமிழை, வாத நோயால் முடங்கிய விரல்கள் திருப்பமாட்டா. அழுத்தினால் இறங்கும் நீள்கைப்பிடியை முழங்கையாலும் திறக்கலாம். கனத்த இரும்புத் தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில் வைத்துவிட்டு, முதியவர் நாற்காலி மீதேறித் திறப்பதைப் பல வீடுகளிற் பார்க்கிறோம். அதனை மார்பளவுக்கு இறக்குங்கள்.

பழைய நிலைகளில் கீழ்ப்படி உயர்ந்திருக்கும். மழைநீரும் பாம்பும் உள்ளே வராமலிருக்க அது உதவியது. கால் தூக்கி வைக்க இயலாதவர்க்கு அதுவே பொறி. படியை அறுத்தெறிந்தால் நிலையின் பிடிப்புத் தளரும். அறுக்காமல், இருபுறமும் சாய்வாக மரத்தாலோ காரையாலோ சரிவு அமைத்தாற் போதும். சக்கர நாற்காலி புக ஏறக்குறைய 90 செ.மீ. அகலத் திறப்பு வேண்டும். பழைய இரட்டைக் கதவின் இரு பாகங்களையும் திறந்தால் அவ்வகலம் பெரும்பாலும் கிடைத்துவிடும். புதிய ஒற்றைக் குளியலறைக் கதவுகளில் கிடைப்பதில்லை. இந்த ஓரிடத்தில் பழையது தானாகவே முந்திக்கொள்கிறது.

எஃகுக் கதவு, நாரிழைக் கதவு என இன்று பல வந்துள்ளன. குளியலறைக்கு நாரிழையோ நெகிழியோ மரத்தினும் மேல். அங்கே மரத்தை வைத்து வருந்துவது வீண். கறையான் மிகுந்த மனைக்கு எஃகு வாயிற்கதவு தகும். ஆனால் மர முகம் வரைந்த எஃகுக் கதவு ஒரு முறை அடிபட்டு நசுங்கினால் அதனை நிமிர்த்த ஆளில்லை. அதன் பூட்டு பழுதானால் அதே உறுப்பு பத்து ஆண்டு கழித்துக் கடையில் இராது.

அலமாரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுவோம். சமையலறை அலமாரி முழுவதையும் மாற்ற வேண்டிய தேவை மிகக் குறைவு. உட்கூடு உறுதியாயிருந்தால் முகப்புக் கதவையும் கைப்பிடியையும் மாற்றினாலே புதியதாகிவிடும். கைப்பிடி வாங்குமுன் பழைய இரு துளைகளின் நடுவிடை தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 96 மில்லிமீட்டர், 128 மில்லிமீட்டர் என 32இன் மடங்காகவே பெரும்பாலும் வரும். அளவு ஒத்தால் பழைய துளையே போதும். மறைகீலுக்கு 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிண்ணம் குடைய வேண்டும். 16 மில்லிமீட்டருக்கு மெலிந்த பலகையில் அது நில்லாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, ஈரம் பட்டால் அப்பம் போல் உப்பித் திருகாணியைக் கைவிட்டுவிடும். அம்பூரி மழைக்கு அது ஆகாது. ஒட்டுப்பலகை வாங்கும்போது ஐ.எஸ். 303 என்ற முத்திரையிலேயே ஈரம் தாங்கும் வகையும் கொதிநீர் தாங்கும் வகையும் உண்டு என்பதை நினைவிற் கொண்டு, இரண்டாவதைக் கேளுங்கள். தொட்டியின் கீழ் வைப்பதற்கு ஐ.எஸ். 710 முத்திரையே ஏற்றது.

இவ்வூரைச் சுற்றி நிற்கும் ரப்பர் மரமே அலமாரிக்கு உதவும் என்பதைப் பலர் அறியார். பால் குறைந்து முதிர்ந்த மரத்தை வெட்டுகிறார்கள். முன்பெல்லாம் அது விறகு. அதில் மாச்சத்து மிகுதி. ஆதலால் வண்டு விரும்பித் தின்னும். போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த நீரை அழுத்தத்தால் மரத்துள் ஏற்றிச் சூளையில் உலர்த்தினால், வெளிர்நிறமான நல்ல மரம் கிடைக்கிறது. உள்ளறை அலமாரிக் கதவுக்கு இது போதும். மழை படும் இடத்துக்கு ஆகாது. பதப்படுத்தாத ரப்பர்ப் பலகையை மலிவென்று வாங்கினால் ஓராண்டிற் பொடி உதிர்வதைக் காணலாம். பத்தாயத்தின் பலகையை இழைத்து அலமாரிக் கதவாக்குவதும் உண்டு. நெல் வராத வீட்டில் அவ்வளவு பெரிய பெட்டி இருட்டிற் கிடப்பதைவிட அது மேலானதே.

ஆண்டிற் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடாயின், அலமாரிக் கதவு எதனையும் காற்றுப் புகாதபடி செய்விக்காதீர்கள். மேலும் கீழும் சிறு அழியோ, துளைத் தகடோ வைக்கச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளன்று கதவுகளை ஓரங்குலம் திறந்தே விட்டுச் செல்லுங்கள். அடைத்து வைத்த துணியிலும் நூலிலும் பூஞ்சை ஏறுவது மழையால் மட்டுமன்று. காற்று ஓடாமையாலும் நேரும்.

முடிவாக, வேலை தொடங்கும் நாளுக்கு ஒரு குறிப்பு. கதவுகளைக் கழற்றுவதற்கு முன், ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் எந்த அறை, வலமா இடமா என்று எழுதி, அதற்குரிய நிலையிலும் அதே எண்ணை இடுங்கள். கழற்றிய கீல், கொண்டி, நாதாங்கி யாவற்றையும் கதவுக்கொரு துணிப்பையிற் கட்டி அக்கதவோடே தொங்கவிடுங்கள். பழைய கையால் செய்த கதவுகளில் இரண்டு ஒரே அளவாயிருப்பதில்லை. ஒன்றன் நிலையில் மற்றொன்று சேராது. மேல்விளிம்பைத் துடைத்துப் பார்க்கும்போது, உளியால் வெட்டிய ஒன்றோ இரண்டோ கீறல்கள் அங்கே முன்பே இருப்பதைக் காண்பீர்கள். முதன்முதல் அக்கதவைச் செய்த தச்சர் இட்ட அடையாளம் அது. அதனை இழைத்துவிடாமல், உங்கள் எண்ணை அதன் பக்கத்தில் எழுதுங்கள்.